கூரையில் 300 வாட், பேட்டரியில் எவ்வளவு? ஒரு மோட்டார்ஹோம் சோலார் அமைப்பின் நிகழ்வு ஆய்வு

வண்டியும் புகாரும்

ஆய்வுக்கு வந்த வண்டி, சரக்கு வேன் ஒன்றின் கூட்டில் கட்டப்பட்ட, ஏறத்தாழ 6 மீட்டர் நீளமுள்ள மோட்டார்ஹோம். கூரையில் 100 வாட் பேனல்கள் மூன்று தொடராக இணைக்கப்பட்டிருந்தன. மேல் அலமாரிக்குள் 20 ஆம்பியர் எம்.பி.பி.டி. கன்ட்ரோலரும் (பேனல் தரக்கூடிய உச்ச வாட்டைத் தேடிப் பிடித்து பேட்டரியை நிரப்பும் கருவி), பின் இருக்கையின் அடியில் 100 ஆம்பியர்-மணி ஏ.ஜி.எம். பேட்டரிகள் (மூடப்பட்ட ஈய-அமில வகை) இரண்டும், பக்கத்திலேயே ஓர் இன்வெர்ட்டரும் இருந்தன. நாள் முழுக்க நல்ல வெயில் அடித்த பிறகும் விடியற்காலையில் ஃப்ரிட்ஜ் தானாக நின்றுவிடுகிறது என்பதும், முந்தைய நாள் பிற்பகலிலேயே பேட்டரி நிறைந்துவிட்டதாகக் கன்ட்ரோலர் திரை காட்டுகிறது என்பதும் உரிமையாளர் சொன்ன குறைகள். மதிய வெயிலிலும் திரையில் 215 வாட்டுக்கு மேல் தெரிவதில்லை என்பதால், பேனல் விற்றவர் ஏமாற்றிவிட்டார் என்ற சந்தேகமும் அவருக்கு இருந்தது. இவற்றுக்கெல்லாம் தீர்வாக நான்காவது பேனல் ஒன்றைப் பொருத்தித் தரவேண்டும் என்பது அவருடைய கோரிக்கை.

இப்படிப்பட்ட கோரிக்கைகளில் பேனலைப் பொருத்திக் கொடுத்துவிடுவது எளிது. கூரையில் இடமும் இருந்தது. ஆனால் விளைவது போதவில்லையா, விளைந்தது வழியில் கரைகிறதா என்று தெரியாமல் பேனல் சேர்த்தால், கரைவதும் சேர்ந்து கூடுவதுதான் வழக்கமாக நடக்கிறது. எனவே பேனலின் முனையிலிருந்து ஃப்ரிட்ஜின் முனைவரை ஒவ்வொரு கட்டமாக அளந்துகொண்டே போவது என்று முடிவுசெய்து, ஒரு மல்டிமீட்டர், நேர்மின்னோட்டம் அளக்கும் கிளாம்ப் மீட்டர், வெப்பமானி ஆகியவற்றோடு வேலை தொடங்கியது.

215 வாட் குறைபாடு அல்ல

பேனலின் பின்புறச் சீட்டில் அச்சிடப்படும் வாட் அளவு, சதுர மீட்டருக்கு 1000 வாட் ஒளியும் செல்களின் வெப்பநிலை 25 டிகிரி செல்சியஸும் இருக்கும் சோதனைக்கூட நிலையில் எடுக்கப்படுவது. ஒளி 1000 வாட் அளவுக்கு விழும் வெயிலில் கூரையின் மேலிருக்கும் செல் ஒருபோதும் 25 டிகிரியில் இருப்பதில்லை. இந்த வண்டியில் பேனலின் அடிப்பக்கம் மதியத்தில் 62 டிகிரி காட்டியது. சிலிக்கான் பேனல்களின் திறன் ஒவ்வொரு டிகிரிக்கும் ஏறத்தாழ 0.4 சதவீதம் குறைவதால், 37 டிகிரி கூடுதல் வெப்பத்துக்கு 15 சதவீதத்தை ஒட்டிய இழப்பு அங்கேயே நிகழ்ந்துவிடுகிறது. பேனல் கூரையோடு படுத்த நிலையில் இருப்பதால் கதிர்கள் செங்குத்தாக விழாமல் சாய்ந்து விழும் இழப்பையும், கண்ணாடி மேல் படிந்த தூசியையும், கேபிளிலும் கன்ட்ரோலரிலும் கழிவதையும் சேர்த்தால் 300 வாட் பேனலில் 215 வாட் கிடைப்பது நியாயமான அளவே. மூன்று பேனல்களையும் தனித்தனியே கழற்றி, திறந்த சுற்று வோல்டேஜும் குறுக்குச் சுற்று மின்னோட்டமும் பார்த்தபோது மூன்றும் ஒன்றுக்கொன்று ஒத்துப்போயின. விற்றவர் மீது பழி இல்லை.

பேனல்களுக்கும் கூரைக்கும் நடுவே காற்று ஓட இடைவெளி விடப்பட்டிருந்ததால் வெப்பத்தைப் பொறுத்தவரை இங்கு செய்வதற்கு ஒன்றுமில்லை. கூரையோடு நேரடியாக ஒட்டப்படும் வளையும் பேனல்களாக இருந்திருந்தால் நிலைமை வேறு. அவை இரண்டு கிலோ அளவே எடையுள்ளவை, காற்றில் தூக்கப்படுவதில்லை. ஆனால் அடியில் காற்றோட்டம் இல்லாததால் கூடுதலாகச் சூடேறுகின்றன, கூரை அசையும்போது செல்களில் நுண்விரிசல் விழுகிறது, மேலுறை சில ஆண்டுகளிலேயே மங்குகிறது. எடை தாங்காத கூரை, வளைந்த கூரை ஆகியவற்றைத் தவிர மற்ற இடங்களில் கண்ணாடிப் பேனலே உழைக்கும் என்பது என் கருத்து.

செலவுக் கணக்கு

அடுத்து, ஒரு நாளைக்கு வண்டி எவ்வளவு மின்சாரம் கேட்கிறது என்பது. ஃப்ரிட்ஜின் கம்ப்ரெசர் ஓடும்போது 45 வாட் இழுத்தது. ஒரு நாளில் ஏறத்தாழ 40 சதவீத நேரம் ஓடுகிறது என்று கொண்டால் 430 வாட்-மணி. கூரை விசிறிக்கு இரவில் 160, மடிக்கணினி, கைபேசிகளுக்கு 150, விளக்குகளுக்கு 60, தண்ணீர் பம்புக்கு 20. இதுவரை 820 வாட்-மணி. கையால் எழுதிப் போட்ட இந்தப் பட்டியலை உரிமையாளர் ஏற்கெனவே வைத்திருந்தார், அது சரியாகவும் இருந்தது. அதில் இல்லாத ஒன்றைக் கிளாம்ப் மீட்டர் காட்டியது. வண்டியில் எல்லாவற்றையும் அணைத்த பிறகும் பேட்டரியிலிருந்து 1 ஆம்பியர் போய்க்கொண்டிருந்தது. அது இன்வெர்ட்டர். மடிக்கணினியின் சார்ஜர் ஒன்றுக்காக அது இரவும் பகலும் இயங்கும் நிலையிலேயே விடப்பட்டிருந்தது. எதுவும் செருகப்படாத வேளையிலும் தன்னுடைய இயக்கத்துக்கு 12 வாட் எடுத்துக்கொண்டது. 24 மணி நேரத்துக்கு அது 288 வாட்-மணி, அதாவது மொத்தச் செலவான 1110 வாட்-மணியில் கால் பங்கு.

வரவுப் பக்கத்தைப் பார்த்தால், முழு வெயிலுக்கு ஈடாக நாளொன்றுக்கு 5 மணி நேரம் கிடைக்கும் பருவத்தில் 300 வாட் பேனல், மேலே சொன்ன இழப்புகள் போக, 1050 வாட்-மணி தரும். ஏ.ஜி.எம். பேட்டரிக்குள் போய் வெளியே வரும் மின்சாரத்தில் 15 சதவீதமாவது கழியும் என்பதால், 1110 வாட்-மணிச் செலவுக்கு உண்மையில் 1200-க்கு மேல் விளைய வேண்டும். ஆகவே மற்றக் குறைகள் அனைத்தும் தீர்ந்தாலும் இன்வெர்ட்டர் ஓடும்வரை இந்தக் கணக்கு கட்டாது. கேட்ட நான்காவது பேனல் நாளொன்றுக்கு 350 வாட்-மணி தந்திருக்கும். அதில் பெரும்பகுதியை இன்வெர்ட்டரே சும்மா இருந்து தின்றிருக்கும். மேலும் 400 வாட் பேனல் மதியத்தில் தரக்கூடிய 290 வாட் என்பது 13.5 வோல்ட்டில் 21 ஆம்பியருக்கு மேல் வருவதால், 20 ஆம்பியர் கன்ட்ரோலர் அதன் உச்சியை வெட்டிவிடும்.

தீர்வு சாதாரணமானது. மடிக்கணினிக்கு 12 வோல்ட்டில் நேரடியாக இயங்கும் சார்ஜர் பொருத்தப்பட்டது. இன்வெர்ட்டரை வேண்டும்போது மட்டும் இயக்கக் கைக்கெட்டும் இடத்தில் ஒரு ரிமோட் சுவிட்ச் வைக்கப்பட்டது.

கேபிளில் கரைந்த ஒரு வோல்ட்

பிற்பகலிலேயே நிறைந்துவிட்டதாகத் திரை சொல்லும் பேட்டரி விடியலில் ஏன் தீர்ந்துபோகிறது என்ற கேள்விக்கான விடை, கன்ட்ரோலருக்கும் பேட்டரிக்கும் நடுவே கிடைத்தது. கூரையிலிருந்து கேபிள் இறங்கும் இடத்துக்குப் பக்கத்தில் வசதியாக இருந்ததால் கன்ட்ரோலரை மேல் அலமாரியில் வைத்து, அங்கிருந்து 5 மீட்டர் தொலைவில் உள்ள பேட்டரிக்கு 2.5 சதுர மில்லிமீட்டர் கேபிள் இழுத்திருந்தார்கள். போக வர 10 மீட்டர் செம்புக் கம்பியின் மின்தடை 0.07 ஓம். 15 ஆம்பியர் பாயும்போது அதில் மட்டும் 1 வோல்ட்டுக்குச் சற்று மேலான இழப்பு வரும். ஃபியூஸ் பிடிப்பானையும் முனைகளையும் சேர்த்து அளந்தபோது 1.2 வோல்ட் காட்டியது: ஒரே நேரத்தில் கன்ட்ரோலரின் முனையில் 14.4, பேட்டரியின் முனையில் 13.2.

கம்பியில் வெப்பமாக வீணாகும் 18 வாட் இங்கே சிறிய கேடுதான். பெரிய கேடு கன்ட்ரோலர் ஏமாந்துபோவதில் இருக்கிறது. ஈய-அமில வகை பேட்டரியை நிரப்பும் கன்ட்ரோலர் முதலில் கிடைக்கும் மின்னோட்டம் முழுவதையும் அனுப்பும், வோல்டேஜ் 14.4-ஐ எட்டியதும் அதை அங்கேயே நிறுத்திப் பிடித்து, மின்னோட்டம் தானாகக் குறைய விடும். அந்த அப்சார்ப்ஷன் கட்டம் முடிந்ததும் 13.6 அளவில், நிறைந்த பேட்டரியை அப்படியே தக்கவைக்கும் ஃப்ளோட் நிலைக்கு இறங்கும். இந்தக் கன்ட்ரோலர் தன் முனையில் உள்ள வோல்டேஜை மட்டுமே அறியும். பேட்டரி இன்னும் 13.2-இல் தாராளமாக மின்சாரத்தை ஏற்கும் நிலையில் இருக்க, 14.4 வந்துவிட்டது என்று அது எண்ணி அப்சார்ப்ஷனைத் தொடங்கிவிட்டது. அந்தக் கட்டத்துக்கு இரண்டு மணி நேரம் என்று நிலையான கால அளவு வைக்கப்பட்டிருந்ததால், அதற்குள் பேட்டரி நிறைந்ததா இல்லையா என்று பாராமல் ஃப்ளோட்டுக்குப் போய், திரையில் நூறு சதவீதம் என்று எழுதியது. பிற்பகல் வெயில் முழுவதும் கூரையில் வீணாகக் காய்ந்தது.

ஒவ்வொரு நாளும் இப்படி அரைகுறையாக நிரம்பும் ஈய பேட்டரியின் தகடுகளில் சல்ஃபேட் படிகங்கள் இறுகிப் படியத் தொடங்கும். கொள்ளளவு மெல்லச் சுருங்கும். வெளியே எடுத்து நிதானமாக நிரப்பி, 10 ஆம்பியர் சுமையில் 10.5 வோல்ட் வரை இறக்கிச் சோதித்தபோது, 200 ஆம்பியர்-மணி என்று பெயர் கொண்ட இரண்டு பேட்டரிகளும் சேர்ந்து 130-ஐ ஒட்டியே தந்தன. மாலை 5 மணியிலிருந்து காலை 8 மணி வரை வண்டியின் செலவு இன்வெர்ட்டரோடு சேர்த்து 730 வாட்-மணி, அதாவது 61 ஆம்பியர்-மணி. 130-இல் முக்கால் பாகம் மட்டுமே நிறைந்து மாலையைத் தொடங்கும் பேட்டரியிலிருந்து 61 போனால் மீதி 36. கால் பங்குக்குச் சற்று மேல். அந்த நிலையில் கம்ப்ரெசர் கிளம்பும் நொடியில் வோல்டேஜ் சரிந்து, ஃப்ரிட்ஜின் பாதுகாப்பு அதை நிறுத்துவதில் வியப்பில்லை.

கன்ட்ரோலரை அலமாரியிலிருந்து கழற்றி, பேட்டரிக்கு 1 மீட்டர் தொலைவுக்குள் கொண்டுவந்து, 10 சதுர மில்லிமீட்டர் கேபிளால் இணைத்தபோது அதே 15 ஆம்பியரில் கம்பியின் இழப்பு 0.05 வோல்ட்டாக இறங்கியது. இப்போது நீண்ட ஓட்டம் பேனல் பக்கத்துக்கு மாறுகிறது. ஆனால் தொடராக இணைத்த மூன்று பேனல்களில் பாய்வது 5.6 ஆம்பியர் மட்டுமே. 4 சதுர மில்லிமீட்டர் கேபிளில் 10 மீட்டருக்கு 0.24 வோல்ட் இழப்பு, அதுவும் 50 வோல்ட் அளவிலான ஓட்டத்தில். நீளமாகப் போக வேண்டிய கேபிளில் வோல்டேஜ் கூடுதலாகவும், குட்டையான கேபிளில் மின்னோட்டம் கூடுதலாகவும் இருக்கும்படி கன்ட்ரோலரின் இடத்தைத் தேர்வது, புதிதாகப் பொருத்துபவர் முதலிலேயே எடுக்க வேண்டிய முடிவு. இதைப் பிறகு மாற்றுவதென்றால் பாதி மரவேலையைப் பிரிக்க வேண்டியிருக்கும்.

அப்சார்ப்ஷன் கட்டத்தைக் கால அளவால் முடிக்காமல், பேட்டரி ஏற்கும் மின்னோட்டம் அதன் கொள்ளளவில் 2 சதவீதத்துக்குக் கீழே இறங்கியதும் முடிக்கும்படி அமைப்பு மாற்றப்பட்டது. பேட்டரியின் மேல் வெப்ப உணரி ஒன்றும் ஒட்டப்பட்டது. 12 வோல்ட் ஈய பேட்டரிக்கு ஒவ்வொரு டிகிரி கூடுதல் வெப்பத்துக்கும் சார்ஜ் வோல்டேஜைச் சுமார் 24 மில்லிவோல்ட் குறைக்க வேண்டும் என்பதால், கோடையில் இருக்கையின் அடியில் புழுங்கும் பேட்டரிக்கு இது முக்கியம்.

நிழல்: தொடரா, பக்க இணைப்பா

மோட்டார்ஹோம் கூரையில் நிழல் இல்லாத இடம் என்று ஒன்று கிடையாது. காற்றுத் திறப்பு, விசிறி மூடி, ஏ.சி. பெட்டி, டிஷ் ஆன்டெனா, சாமான் கம்பி என்று ஏதாவது ஒன்று எப்போதும் பேனலின் ஒரு மூலையைத் தொட்டுக்கொண்டிருக்கும். இந்த வண்டியில் பிற்பகலில் டிஷ் ஆன்டெனாவின் நிழல் பின்பக்கப் பேனலின் குறுகிய விளிம்பில் விழுந்தது. நிழல் படும் வண்டிகளில் பேனல்களைப் பக்க இணைப்பாகத்தான் (மின்னோட்டம் கூடும், வோல்டேஜ் கூடாது) இணைக்க வேண்டும், தொடராக (வோல்டேஜ் கூடும், மின்னோட்டம் கூடாது) இணைத்தால் ஒரு பேனலின் நிழல் எல்லாவற்றையும் முடக்கிவிடும் என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. உரிமையாளரிடமும் வேறொருவர் அப்படிச் சொல்லி, இணைப்பை மாற்றச் சொல்லியிருந்தார். அளந்து பார்த்தால் விஷயம் அவ்வளவு நேராக இல்லை.

36 செல்கள் கொண்ட பேனலில் செல்கள் நான்கு நெடுவரிசைகளாக, வரிசைக்கு ஒன்பதாக அடுக்கப்பட்டிருக்கும். இரண்டு நெடுவரிசைகளுக்கு ஒன்று என்று, பின்புறப் பெட்டிக்குள் இரண்டு பைபாஸ் டையோடுகள் இருக்கும். ஒரு செல் நிழலில் மாட்டிக்கொண்டால் அது தன் வரிசையின் மின்னோட்டத்தை அடைக்கும். அப்போது அந்தப் பாதிக்கான டையோடு திறந்து, மின்னோட்டத்தைச் சுற்றுவழியில் விடும். அந்தப் பேனலில் பாதி வோல்டேஜ் போகும், மறுபாதி நிற்கும். தொடராக உள்ள மூன்று பேனல்களில் ஆறு பாதிகள் இருப்பதால், ஒரு மூலையில் விழும் நிழலால் போவது ஆறில் ஒன்று. அதே பேனல்கள் பக்க இணைப்பில் இருந்தால், பாதி செல்கள் மட்டும் உழைக்கும் பேனல் 9 வோல்ட் அளவே தரும். அதைக் கொண்டு 13 வோல்ட் பேட்டரியை நிரப்ப முடியாது. நிழலுக்குள் வரும் சிதறிய ஒளிக்கு ஈடான சிறு மின்னோட்டத்தை மட்டுமே அது கொடுக்கும். ஆகவே அடர்ந்த நிழல் ஒரு மூலையில் விழும்போது பக்க இணைப்பில்தான் இழப்பு அதிகம். போதாததற்கு, 18 வோல்ட் என்று எழுதப்பட்ட பேனல் 62 டிகிரியில் 15.5 அளவுக்கு இறங்கிவிடுவதால், கேபிள் இழப்பும் சேரும்போது பக்க இணைப்பில் கன்ட்ரோலருக்கு விளையாட இடமே இருக்காது.

அப்படியானால் தொடர் இணைப்பு முடங்கிவிடுகிறது என்று பலர் கண்ட அனுபவம் பொய்யா? இல்லை. பேனலின் பின்பக்க மூலையை மதியத்தில் ஓர் அட்டையால் மூடிப் பார்த்தபோது, 215 வாட்டிலிருந்து 180-க்கு இறங்க வேண்டிய அளவு 60-க்குப் போய் அங்கேயே நின்றது. சில நிமிடங்கள் காத்திருந்தும் ஏறவில்லை. அட்டையை எடுக்காமலே கன்ட்ரோலரை நிறுத்தி மறுபடி இயக்கியதும் 178-க்கு ஏறியது. நிழல் விழும்போது பேனல் தொகுதியின் திறன் வளைவில் ஒரு முகட்டுக்குப் பதில் இரண்டு முகடுகள் உருவாகின்றன: கூடுதல் வோல்டேஜில் தாழ்ந்த முகடு ஒன்று, குறைந்த வோல்டேஜில் உயர்ந்த முகடு ஒன்று. தான் நிற்கும் இடத்தைச் சுற்றி மட்டும் தடவிப் பார்க்கும் கன்ட்ரோலர், பக்கத்து மலை உயரமானது என்று தெரியாமல் சிறு குன்றின் உச்சியிலேயே உட்கார்ந்திருப்பவரைப் போல், தாழ்ந்த முகட்டிலேயே தங்கிவிடும். குறிப்பிட்ட இடைவெளியில் முழு வோல்டேஜ் எல்லையையும் ஒருமுறை வருடிப் பார்க்கும் வகை கன்ட்ரோலர்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அதனால், இணைப்பைத் தொடராகவே விட்டுவிட்டுக் கன்ட்ரோலரை மட்டும் அத்தகைய ஒன்றுக்கு மாற்றினோம்.

தொடர் இணைப்பு எல்லா வண்டிக்கும் பொருந்தும் என்று இதிலிருந்து கொள்ளக்கூடாது. பழைய பி.டபிள்யூ.எம். கன்ட்ரோலர் இருந்தால் தொடர் இணைப்பால் பயனில்லை, ஏனெனில் அது பேனலை நேராக பேட்டரி வோல்டேஜோடு பிணைத்துவிடுகிறது. கூடுதல் வோல்டேஜ் முழுவதும் வீண். டையோடு வைக்காத வளையும் பேனல்களைத் தொடரில் சேர்ப்பது ஆபத்து. வெவ்வேறு மின்னோட்ட அளவுள்ள பேனல்களைத் தொடரில் சேர்த்தால் எல்லாம் குறைந்ததன் அளவுக்கு இறங்கும். குளிரில் வோல்டேஜ் ஏறுவதையும் மறக்கக்கூடாது: 22 வோல்ட் திறந்த சுற்று அளவுள்ள மூன்று பேனல்கள் 25 டிகிரியில் 66 வோல்ட், உறைநிலைக்குக் கீழே 10 டிகிரியில் 73 வோல்ட். இந்த வண்டியின் கன்ட்ரோலர் 100 வோல்ட் வரை தாங்கும் என்பதால் கவலையில்லை. எல்லை மீறும் ஒரே ஒரு குளிர்காலக் காலைப்பொழுது போதும், கன்ட்ரோலர் எரிந்துபோக.

பின்பக்கப் பேனலை மட்டும் கழற்றி 90 டிகிரி திருப்பி, அதன் நீண்ட விளிம்பு டிஷ் ஆன்டெனாவைப் பார்க்கும்படி வைத்தோம். நிழல் குறுகிய விளிம்பில் ஏறினால் நான்கு நெடுவரிசைகளையும் தொட்டு இரண்டு டையோடுகளையும் திறக்க வைக்கும். நீண்ட விளிம்பில் ஏறினால் ஒரு பாதி மட்டுமே போகும். செலவில்லாத இந்த மாற்றத்தைப் பேனல் ஒட்டும் நாளிலேயே யோசித்திருந்தால், பிசின் வெட்டும் வேலையும் மிச்சமாகியிருக்கும்.

கூரையின் மேல் கண்டவை

பேனலைத் திருப்பும்போது கவனத்துக்கு வந்தவை மூன்று. முதலாவது ஒட்டுதல். பின்பக்கப் பேனலின் ஒரு பிளாஸ்டிக் தாங்கியின் விளிம்பில் மெல்லிய கறுப்புக் கோடு ஓடியது. அந்த இடத்தில் பிசின் கூரையிலிருந்து விலகி, இடைவெளியில் தூசி புகுந்திருந்தது. வண்டி 100 கிலோமீட்டர் வேகத்தில் போகும்போது காற்றின் அழுத்தம் சதுர மீட்டருக்கு 460 நியூட்டன் அளவில் இருக்கும். அது முழுவதும் பேனலின் அடியில் புகுந்து தூக்கினால், ஒரு சதுர மீட்டர் பேனலை ஏறத்தாழ 47 கிலோ விசை மேலே இழுக்கிறது என்று பொருள். தாங்கியைக் கழற்றிப் பார்த்தால், அதன் அடிப்பரப்பு தேய்க்கப்படாமல் வழவழப்பாகவே இருந்தது. பழைய பிசினை நீக்கி, இரு பரப்புகளையும் சொரசொரப்பாக்கி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, பிசின் தயாரிப்பாளர் சொல்லும் பிரைமரைப் பூசி, பாலியூரித்தேன் வகைக் கட்டமைப்புப் பிசினால் மீண்டும் ஒட்டினோம். பிசினை அழுத்திப் பிதுக்கி மெலியவிடாமல், 3 மில்லிமீட்டர் தடிப்பாவது நிற்கும்படி வைக்க வேண்டும். கூரையும் பேனலும் வெயிலில் வெவ்வேறு அளவில் விரியும்போது அந்தத் தடிப்புதான் அசைவை வாங்கிக்கொள்கிறது. காற்றிலுள்ள ஈரத்தால் வெளியிலிருந்து உள்ளே மெல்ல இறுகும் பிசின் என்பதால், ஒட்டிய அன்றே வண்டியை நெடுஞ்சாலையில் ஓட்டக்கூடாது.

இரண்டாவது, பேனல் கேபிள்களைச் சேர்க்கும் எம்.சி.4 இணைப்பான் ஒன்றின் உடல் பழுப்பேறி, லேசாக உருகி நெளிந்திருந்தது. ஒரு பாதி ஒரு தயாரிப்பு, மறுபாதி வேறு தயாரிப்பு. பார்வைக்கு ஒன்றுபோல இருந்து, சத்தத்தோடு பூட்டிக்கொண்டாலும், உள்ளிருக்கும் உலோக முனைகள் சரியாகக் கவ்வாவிட்டால் தொடும் இடத்தில் தடை கூடிச் சூடேறும். உள்ளே வெட்டிப் பார்த்தால், முனையைக் குறட்டால் நசுக்கியிருந்தார்கள். இழைகளில் பாதி வெளியே நின்றன. இருபாதியும் ஒரே தயாரிப்பாக, அதற்கென உள்ள கிரிம்ப் கருவியால் அழுத்தி, புதிதாக மாற்றப்பட்டது.

மூன்றாவது, பேனலைத் துண்டிக்க வீட்டில் விளக்குக்கு வைக்கும் சாதாரண சுவிட்ச் பொருத்தப்பட்டிருந்தது. மாறுமின்னோட்டம் நொடிக்குப் பலமுறை பூச்சியத்தைத் தொடுவதால் அதில் எழும் தீப்பொறி தானே அணையும். நேர்மின்னோட்டத்தில் அப்படி இல்லை, 50 வோல்ட்டிலேயே பொறி நீண்டு நின்று சுவிட்சை உருக்கும். நேர்மின்னோட்டத்துக்கெனத் தரப்பட்ட பிரேக்கர் வைக்கப்பட்டது. ஒரே தொடர் என்பதால் பேனலுக்குத் தனி ஃபியூஸ் தேவைப்படவில்லை. மூன்றோ அதற்கு மேலோ பக்க இணைப்பில் சேரும் இடங்களில் ஒவ்வொன்றுக்கும் ஃபியூஸ் கட்டாயம். பேட்டரியின் நேர்முனைக்கு அருகில் உள்ள ஃபியூஸ் எந்த அமைப்பிலும் விடக்கூடாதது. இணைக்கும்போது முதலில் பேட்டரியையும் பிறகு பேனலையும் கன்ட்ரோலரில் இணைக்க வேண்டும். கழற்றும்போது பேனல் முதலில்.

மாற்றத்துக்குப் பின்

அதே பழைய பேட்டரிகளை வைத்தே வண்டி சில நாட்கள் ஓடியது. இரவுச் செலவு 550 வாட்-மணிக்கு, அதாவது 46 ஆம்பியர்-மணிக்கு இறங்கியது. பேட்டரி முழுமையாக நிறைந்தே மாலையைத் தொடங்கியது. விடியலில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு மீதமிருந்தது, ஃப்ரிட்ஜ் நிற்கவில்லை. கூரையில் ஒரு வாட்கூடச் சேர்க்கப்படவில்லை. நிலையை அறிய வோல்டேஜை நம்பாமல், எதிர்முனையில் ஷன்ட் (பாயும் மின்னோட்டத்தை அளக்க உதவும் சிறு மின்தடை) வைத்த பேட்டரி மானிட்டர் ஒன்று பொருத்தப்பட்டது. போவதையும் வருவதையும் ஆம்பியர் கணக்கில் எண்ணும் அந்தக் கருவிதான், என் பார்வையில், பேனலுக்கு அடுத்தபடி வாங்க வேண்டிய பொருள்.

பயன்படுத்தும் முறையில் சொல்லப்பட்டவை சில. ஈய பேட்டரி பிற்பகலில் நிறைந்துவரும்போது மின்சாரத்தைக் குறைவாகவே ஏற்கும். அந்நேரம் திரையில் வாட் குறைந்து தெரிவது கோளாறு அல்ல, வாங்குவார் இல்லாத நிலை. மடிக்கணினியை நிரப்புவதையும் பம்பை ஓட்டுவதையும் அந்த வேளைக்கு மாற்றினால் இரவுக்கு அந்த அளவு மிச்சம். வண்டியை நிறுத்தும்போது டிஷ் ஆன்டெனா, பேனலுக்குச் சூரியன் போகும் பக்கத்தில் இல்லாமல் எதிர்ப்பக்கத்தில் இருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். தூசியைக் காலையில், கண்ணாடி சூடேறும் முன் கழுவ வேண்டும். ஃப்ரிட்ஜின் பின்னாலுள்ள காற்றுவழியில் துணிப்பைகளை அடைத்து வைத்திருந்தார்கள். அவற்றை எடுத்ததும் கம்ப்ரெசர் ஓடும் நேரம் கண்கூடாகக் குறைந்தது.

பேனலைச் சாய்த்து வைக்கும் கால்கள் வேண்டுமா என்று கேட்டதற்கு, வண்டி எந்த அட்சத்தில் குளிர்காலத்தைக் கழிக்கிறது என்பதே விடை. 50 டிகிரி அட்சத்தில் குளிர்காலத்தின் மிகக் குறுகிய நாளில் நண்பகல் சூரியன் அடிவானத்திலிருந்து 16.5 டிகிரிதான் ஏறும். படுத்த பேனல் நேர்க்கதிரில் 28 சதவீதத்தையே வாங்கும், சாய்த்தால் அந்த நேரத்தில் மூன்று மடங்குக்கு மேல் கிடைக்கும். 10 டிகிரி அட்சத்தில் அதே நாளில் படுத்த பேனலே 83 சதவீதம் வாங்கிவிடும். அதற்காகக் கூரையில் ஏறி இறங்குவதும், சாய்த்ததை மறந்து வண்டியை எடுத்துவிடும் அபாயமும் தேவையற்றவை. இந்த வண்டிக்குச் சாய்வுக் கால்கள் வைக்கவில்லை.

சில மாதங்கள் கழித்து உரிமையாளர் தேய்ந்த ஏ.ஜி.எம். பேட்டரிகளை எடுத்துவிட்டு, 100 ஆம்பியர்-மணி லித்தியம் இரும்பு பாஸ்பேட் பேட்டரி ஒன்றை வைத்தார். பாதிக்கு மேல் இறக்கக்கூடாத 200 ஆம்பியர்-மணி ஈயத்துக்கும், 90 வரை எடுக்கக்கூடிய 100 ஆம்பியர்-மணி லித்தியத்துக்கும் பயன்படும் அளவில் பெரிய வேறுபாடு இல்லை. எடையில் 40 கிலோவுக்கு மேல் குறைந்தது. நிறையும் தறுவாய் வரை முழு மின்னோட்டத்தையும் ஏற்பதால், முன்பு வீணான பிற்பகல் வெயிலும் உள்ளே போகிறது. இதற்கெனக் கன்ட்ரோலரில் சார்ஜ் வோல்டேஜ் பேட்டரியின் குறிப்பேட்டுப்படி 14.2 என்று வைக்கப்பட்டு, வெப்பத்துக்கேற்ற வோல்டேஜ் திருத்தம் நீக்கப்பட்டது. எஞ்சினின் ஆல்டர்னேட்டரோடு முன்பு ரிலே வழியே நேராக இருந்த இணைப்பைத் துண்டித்து, மின்னோட்டத்தை 30 ஆம்பியருக்குக் கட்டுப்படுத்தும் டி.சி. சார்ஜர் ஒன்று நடுவே பொருத்தப்பட்டது. உள்தடை மிகக் குறைந்த லித்தியம் பேட்டரி, வண்டி நின்றபடி எஞ்சின் ஓடும் வேளையில் ஆல்டர்னேட்டரைத் தாங்கமுடியாத அளவுக்குச் சூடாக்கிவிடும். பேட்டரி பூச்சியம் டிகிரிக்குக் கீழே குளிர்ந்திருக்கும்போது சார்ஜ் செய்தால் உள்ளே லித்தியம் உலோகமாகப் படிந்து நிரந்தரச் சேதம் உண்டாகும் என்பதால், முன்பு ஏ.ஜி.எம். பேட்டரியின் மேல் ஒட்டியிருந்த அதே வெப்ப உணரியைப் புதிய பேட்டரிக்கு மாற்றி, 5 டிகிரிக்குக் கீழே கன்ட்ரோலர் சார்ஜை நிறுத்தும்படி அமைத்துக் கொடுக்கப்பட்டது.